ஆறாவது நோட்டு

கருங்குழி,
12.9.1998

அன்புள்ள தம்பி பார்த்திபனுக்கு,

அக்கா செல்வி எழுதுவது. இங்கு நான் சுகம். நீயும் ஸ்ரீதேவியும் விஷாலும் கோட்டாவுக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தீர்களா? ரயிலில் ஸ்ரீதேவிக்குக் காய்ச்சல் என்று வழியில் ஸ்டேஷனிலிருந்து போனில் சொன்னாயே, இப்போது தேவலையா?

காரியம் முடிந்து நீங்கள் கிளம்பியதும் வீடு திடீரென்று பெரிதாகிவிட்டது. அப்பாவின் கட்டிலைப் பின்னறைக்கு மாற்றினேன். அதன் அடியில் இருந்த தகரப் பெட்டியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

ரிட்டயர் ஆனதிலிருந்து அப்பா தினமும் காலையில் எதையோ எழுதிக்கொண்டிருந்தது உனக்கும் தெரியும். முப்பத்தொரு வருஷ சர்வேயர் உத்தியோகத்தை அப்படியே எழுதி வைத்திருக்கிறார். நீள நோட்டு, மொத்தம் ஏழு. ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "செல்வி, அத்த அச்சுல போட்டுடும்மா. ஒரு வரி கூட எடுத்துடாத. எடுத்தா நான் எழுதினதே வேஸ்டு" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். நீ அப்போது ரயிலில் வந்துகொண்டிருந்தாய்.

செங்கல்பட்டில் அச்சகம் வைத்திருக்கும் உலகநாதன் என்பவரைப் போய்ப் பார்த்தேன். கல்யாணப் பத்திரிகையும் கோயில் நோட்டீசும் அடிப்பவர். புத்தகமும் நாலைந்து போட்டிருக்கிறாராம். ஆயிரம் பிரதிக்கு நாற்பத்து நாலாயிரம் ஆகும் என்றார். "இப்பவே சொல்லிட்றேம்மா. செத்துப்போனவரு பொஸ்தகம் விக்கறது கஷ்டம். கூட்டத்துல பேசறதுக்கோ, நாலு பேரப் பாத்து குடுக்கறதுக்கோ ஆளு இல்ல பாரு. விக்கலன்னா வூட்ல அடுக்கி வெச்சிக்கினு என்ன திட்டாத" என்றும் சொன்னார். நூலகங்களுக்கு எடுத்துக்கொண்டால் பாதி திரும்பும், அதுவும் வருஷம் கழித்துத்தானாம்.

உன் மாமா, என் வீட்டுக்காரர், லாரியில் அடிபட்டுப் போனதற்குக் கோர்ட்டில் கொடுத்த ஒரு லட்சத்து இருபதாயிரம் பாங்கில் கிடக்கிறது. அதன் வட்டியிலும் தையல் மிஷினிலும்தான் என் வண்டி ஓடுகிறது. அதிலிருந்து எடுக்கலாம் என்று யோசனை. நீ ஒரு வார்த்தை சொன்னால் தெம்பாக இருக்கும்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல். விஷால் பரீட்சைக்கு ராத்திரி கண் விழிக்க வேண்டாம் என்று சொல்.

அன்புடன்,
அக்கா செல்வி


கோட்டா,
ராஜஸ்தான்,
30.9.1998

அன்புள்ள அக்காவுக்கு,

பார்த்திபன் எழுதுவது. நாங்கள் மூவரும் நலம். ஸ்ரீதேவிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. உன் முழங்கால் வலி எப்படி? நான் வாங்கித் தந்த தைலத்தைத் தடவுகிறாயா?

புத்தக யோசனையை விட்டுவிடு. உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன். எங்கள் காலனியில் பாலா என்று ஒருவர், கல்பாக்கத்திலிருந்து என்னோடு மாற்றலாகி வந்தவர். தன் தகப்பனார் எழுதிய பாட்டுகளை அவர் இறந்த பிறகு புத்தகமாகப் போட்டார். எண்ணூறு பிரதி. வந்தவர்களுக்கெல்லாம் சும்மா கொடுத்தும் தீரவில்லை. இன்றைக்கும் அவர் வீட்டுச் சோபாவுக்கு அடியில் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது, கரையான் பிடித்து. அவருக்குச் சம்பளம் வருகிறது, தாங்கினார். உனக்கு இந்தப் பணத்தை விட்டால் வேறு என்ன இருக்கிறது? சர்வேயர் ஒருவரின் வாழ்க்கையை யார் அறுபது ரூபாய் கொடுத்து வாங்குவார்கள்?

அப்பா மேல் எனக்கும் பாசம் உண்டு. அந்த நோட்டுகளை ரிஜிஸ்டர் பார்சலில் எனக்கு அனுப்பிவிடு. சாவகாசமாகப் படித்துவிட்டு என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். நீ எந்த நோட்டு வரை படித்திருக்கிறாய்? அதை மட்டும் உடனே எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி,
பார்த்திபன்


கருங்குழி,
28.10.1998

அன்புள்ள தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். விஷாலுக்காவது தீபாவளிக்குத் துணி எடுத்தாயா? துக்க வருஷம் என்பதால் இங்கே எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. பக்கத்து வீட்டு மேரி, தன் வீட்டில் சுட்டுக் கொண்டுவந்து இரண்டு அதிரசம் கொடுத்தாள். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

கோபித்துக்கொள்ளாதே. நோட்டுகளைத் தபாலில் அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. தொலைந்தால் அப்பாவைத் திரும்ப எழுதச் சொல்ல முடியுமா? உன் கடிதம் வருவதற்கு முன்பே உலகநாதனிடம் பதினைந்தாயிரம் முன்பணமும் கொடுத்துவிட்டேன்.

அப்பாவின் கையெழுத்து டைப் அடிக்கிற பெண்ணுக்குப் புரியவில்லையாம். அதனால் நானே தினமும் பத்துப் பக்கம் நல்ல எழுத்தில் எழுதிக் கொடுக்கிறேன். இப்போது நாலாவது நோட்டில் இருக்கிறேன். பார்த்திபா, நம் அப்பாவுக்கு இப்படியெல்லாம் எழுத வரும் என்று நமக்குத் தெரியாமலே போய்விட்டதே! படாளத்தில் கரும்புக் கொல்லைக்குள் நிலம் அளக்கும் சங்கிலியை இழுத்துக்கொண்டு போய் வழி தெரியாமல் அரை நாள் சுற்றியது, முட்டுக்காட்டில் உப்பங்கழி ஏறிவிட்டதால் படகிலேயே உட்கார்ந்து வரைபடம் போட்டது எல்லாம் வருகிறது. வெயிலில் சங்கிலி சூடேறி உள்ளங்கை பொசுங்கினால் புளிய இலையை அரைத்துக் கட்டுவார்களாம். அம்மாவைப் பற்றி, பெயர் சொல்லி, ஒரே இடத்தில் எழுதியிருக்கிறார். "வேண்டா என்னிடம் எதையும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேன்." இதற்கு என்ன அர்த்தம் என்று இரண்டு நாள் யோசித்தேன்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் சந்திரம்மா என்று ஒரு பெண் அடிக்கடி வருகிறாள். அந்தப் பக்கம் அளக்கப் போனால் அவள் குடிசையில்தான் கேழ்வரகுக் கஞ்சியாம். உனக்கு அந்தப் பெயர் தெரியுமா?

ஸ்ரீதேவிக்கும் விஷாலுக்கும் என் அன்பு.

அக்கா


கோட்டா,
20.11.1998

அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

பணம் கொடுத்துவிட்டாய். சரி, அது போனதாகவே இருக்கட்டும். மேற்கொண்டு கொடுக்காதே.

நீ கேட்ட பெயர் எனக்குத் தெரியாது.

ஒன்றைப் புரிந்துகொள். அப்பா சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தவர். நிலம் என்றால் அதற்குப் பின்னால் ஆட்கள் இருப்பார்கள், அவர்களுக்குப் பிள்ளைகள் இருப்பார்கள். அச்சில் பெயர் வந்தால் சும்மா இருப்பார்களா? போடத்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் நாலு நோட்டோடு நிறுத்திக்கொள். ஆறாவது வேண்டாம். கடைசி வருஷங்களில் அவருக்கு நினைவு தடுமாறியது. என்னென்னவோ எழுதியிருப்பார்.

குளிர் ஆரம்பித்துவிட்டது. விஷாலுக்குச் சளி.

பார்த்திபன்


கருங்குழி,
9.12.1998

அன்புள்ள தம்பிக்கு,

விஷாலுக்குச் சளி சரியாகிவிட்டதா? துளசியும் மிளகும் போட்டுக் கொதிக்க வைத்துக் கொடு. இங்கே விடாத மழை. வாசல் வரை தண்ணீர் நிற்கிறது.

நீ இந்த நோட்டுகளைப் பார்த்ததே இல்லை. ஆனால் ஆறாவது வேண்டாம் என்று எழுதியிருந்தாய். அப்பா உன்னிடம் ஏதாவது சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். நேற்று அதை எழுதி முடித்தேன்.

உனக்குத் தெரிந்திருந்தாலும் சொல்லிவிடுகிறேன், எனக்குச் சொல்ல ஆள் இல்லை. பத்துப் பக்கம் எழுதியிருக்கிறார். 1974 ஆடி மாசம். சந்திரம்மாவுக்கும் அவள் புருஷனுக்கும் கடலோரத்தில் ஒரு ஏக்கர் பன்னிரண்டு சென்ட் சவுக்குத் தோப்பு. பக்கத்து நிலம் கேசவன் என்பவருடையது. அப்பா எல்லைக் கல்லைப் பிடுங்கி அறுபது மீட்டர் சந்திரம்மாவின் தோப்புக்குள் தள்ளி நட்டிருக்கிறார். வரைபடத்திலும் அப்படியே வரைந்திருக்கிறார். அன்றைக்கு மத்தியானமும் அவள் குடிசையில்தான் சாப்பாடு. "கேசவன் கொடுத்ததை வாங்கிக்கொண்டேன். என் பிள்ளைக்காக" என்று எழுதியிருக்கிறார். அந்த வரி அங்கேயே நிற்கிறது. முற்றுப்புள்ளி கூட இல்லை. அடுத்த பக்கத்தில் செய்யூர் ஏரியைப் பற்றி ஆரம்பித்துவிடுகிறார்.

அப்பா நம் இரண்டு பேரையும் புள்ள என்றுதான் கூப்பிடுவார். நீ ஸ்காலர்ஷிப்பில் படித்தாய். எனக்கு அந்த வருஷம்தான் கல்யாணம் நிச்சயமாகி, தையில் நடந்தது. எட்டுப் பவுன் போட்டார்கள். அப்படியென்றால் அது நான்தான், இல்லையா? இத்தனை வருஷம் ஒரு குடும்பத்தின் சோற்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

இனி இந்தப் புத்தகத்தை நிறுத்துவதாக இல்லை. மீதிப் பணத்தையும் எடுத்துக் கொடுக்கப் போகிறேன். உனக்குத் தெரிந்ததை எழுது.

அக்கா


கோட்டா,
4.1.1999

அக்காவுக்கு,

நாங்கள் நலம். புது வருஷ வாழ்த்து.

எந்தப் பிள்ளையாக இருந்தால் இப்போது என்ன? நடந்து கால் நூற்றாண்டு ஆகிறது. அவர் செய்தார், போய்ச் சேர்ந்துவிட்டார். நம் வீட்டு அழுக்கை நாமே காசு கொடுத்து அச்சடிப்பது எந்த ஊர் நியாயம்?

கேசவன் உயிரோடு இருக்கிறார். கடற்கரையில் அவருக்குப் பெரிய ரிசார்ட் இருக்கிறது. இங்கே தெரிந்த வக்கீல் ஒருவரைக் கேட்டேன். எழுதியவர் செத்துப்போனால் அவர் மேல் யாரும் வழக்குப் போட முடியாது. வெளியிடுகிறவர் மேல் போடுவார்கள். அதாவது உன் மேல். உன்னிடம் இருக்கிற பணத்தைப் போல நாலு மடங்கு கேட்பார்கள். அந்தப் பத்துப் பக்கத்தை எடுத்துவிடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

முழங்காலுக்கு டாக்டரைப் பார்.

பார்த்திபன்


கருங்குழி,
8.2.1999

அன்புள்ள தம்பிக்கு,

பொங்கலுக்கு உன் கடிதம் எதிர்பார்த்தேன். எல்லோரும் சௌக்கியம்தானே?

புத்தகம் வந்துவிட்டது. ஒரு வரியையும் எடுக்கவில்லை. ஜனவரி முப்பத்தொன்று ஞாயிற்றுக்கிழமை இங்கே பள்ளிக்கூடத்தில் சின்னதாக ஒரு கூட்டம். அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் ஆறு பேர் வந்தார்கள். முப்பத்தொரு பிரதி போயிற்று. நூலகத்துக்கு எழுதிப் போட்டேன். இந்த வருஷப் பட்டியல் முடிந்துவிட்டதாம், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று பதில் வந்தது. மீதி ஒன்பது கட்டு அப்பாவின் அறையில் இருக்கிறது. புது மையின் வாசனை வீடு முழுக்க அடிக்கிறது.

முந்தாநாள் சந்திரம்மாவைத் தேடிப் போனேன். எழுபது வயசு இருக்கும். ரிசார்ட்டில்தான் பெருக்குகிறாள், தன் தோப்பு இருந்த இடத்திலேயே. நான் காசிநாதன் மகள் என்றதும் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டுப் பார்த்தாள்.

"சர்வேயரு பொண்ணா? நைனா எப்டி கீறாரு?"

"இறந்துட்டாரும்மா. புத்தகம் எழுதி வெச்சிட்டுப் போயிருக்காரு. உங்களப் பத்தி இருக்கு."

"எனக்கு இன்னா எய்த்தா தெரியும்? நீயே சொல்லு."

சவுக்கு நிழலில் உட்கார்ந்து அந்தப் பத்துப் பக்கத்தையும் வாசித்தேன். கல்லை நகர்த்திய இடம் வந்ததும் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இரு, இரு. கல்ல எட்த்து தள்ளி நட்டாரா? நெஜமா அப்டி எய்திகீதா?"

"ஆமாம்மா."

"எம் புருசன் சொல்லிக்கினேதாம்மா இருந்தாரு, கல்லு இங்க இல்ல, அங்க இருந்துச்சின்னு. ஊரே சிரிச்சிது. மண்ட கொயம்பிப் போச்சின்னாங்க. நானுந்தான் சொன்னேன், சும்மா கெடய்யா, உனுக்குத்தான் மறந்துபோச்சின்னு. கடசில அவரே, ஆமா, நாந்தான் தப்பா நெனச்சிக்கினு இருந்தேன் போலன்னு சொல்லிட்டு செத்தாரு."

அவள் அழவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை. அப்பா அதை என் நகைக்காகத்தான் செய்தார் என்று சொல்லி அவள் காலைத் தொட்டேன். அவள் என் கழுத்தைப் பார்த்தாள்.

"எங்க அந்த நக?"

"வீட்டுக்காரர் போனப்ப வித்துட்டேன்."

"அடப் போம்மா" என்றாள். ஒரு பிரதி கொடுத்தேன். முந்தானையில் சுற்றி வைத்துக்கொண்டாள்.

இவ்வளவுதான் தம்பி. என் பணம் போனாலும் பரவாயில்லை என்று பஸ்ஸில் வரும்போது தோன்றியது. பதில் எழுது.

அக்கா


கருங்குழி,
25.3.1999

தம்பி பார்த்திபனுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். என் போன கடிதத்துக்குப் பதில் இல்லை. டெலிபோன் பூத்திலிருந்து இரண்டு தடவை பேசினேன். நீ ஷிப்டில் இருப்பதாக ஸ்ரீதேவி சொன்னாள்.

நீ சொன்னதே நடந்துவிட்டது. கேசவனிடமிருந்து எனக்கும் உலகநாதனுக்கும் வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. மானநஷ்டம் ஐந்து லட்சம். உலகநாதன் பஸ் பிடித்து வந்துவிட்டார். "இன்னாம்மா இப்டி பேஜாராக்கிட்ட? என் மிஷினே மூணு லட்சம் பெறாது. எனக்கு ரெண்டு பொண்ணு கீது" என்று அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். அவர் மனைவி கொடுத்தனுப்பிய முருங்கைக்காயைப் போகும்போது ஞாபகமாகக் கொடுத்துவிட்டுப் போனார். அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

செங்கல்பட்டில் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தேன். எழுதியது உண்மை என்று காட்டினால் கேஸ் நிற்காது என்கிறார். ஆனால் செத்தவர் எழுத்து மட்டும் போதாதாம். "நேரில் பார்த்தவர்கள் யாராவது வேண்டும். இல்லை, அந்தப் பணம் எங்கே போனது என்றாவது காட்ட வேண்டும்" என்றார். ஜூன் வரை இழுத்துப் பிடிக்கலாமாம். அதற்குள் கேசவன் தரப்பில் சமாதானத்துக்கும் ஆள் வந்தது. எல்லாப் பிரதிகளையும் ஒப்படைத்து, புத்தகத்தில் இருப்பது பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அவர்கள் வக்கீல் செலவு முப்பதாயிரத்தைக் கட்டினால் விட்டுவிடுவார்களாம்.

பணம் எங்கே போனது என்று காட்டுவதற்காக அம்மாவின் டிரங்குப் பெட்டியில் என் நகை வாங்கிய ரசீதைத் தேடினேன். கிடைத்தது. எட்டுப் பவுன், அம்மா பெயரில், 1972 மாசி. கல் நகர்ந்ததற்கு இரண்டு வருஷம் முன்னால். கல்யாணச் செலவை மாமா வீட்டாரே செய்தார்கள்.

அப்படியென்றால் எந்தப் பிள்ளை, பார்த்திபா?

அக்கா


கோட்டா,
2.5.1999

அக்கா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு யோக்யதை இல்லை.

ஸ்காலர்ஷிப் என்று ஒன்று கிடையாது. அது அம்மாவுக்காகச் சொன்ன கதை. மைசூர்ப் பக்கத்துக் கல்லூரியில் டொனேஷன் ஆறாயிரம் கேட்டார்கள். மார்க் போதவில்லை. அப்பா ஊரெல்லாம் கேட்டுப் பார்த்தார். ஆடியில் ஒருநாள் சங்கிலி ஆள் வரவில்லை என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார். சந்திரம்மா வீட்டில் இரண்டு பேரும் சாப்பிட்டோம். சாயங்காலம் சங்கிலியின் ஒரு முனையை அப்பா பிடித்தார், மறுமுனையை நான் பிடித்தேன். அறுபது மீட்டரும் நான் நடந்து போய் நின்ற இடம்தான். கடப்பாரையால் குழி தோண்டியதும் நான்தான். எனக்கு அப்போது பதினெட்டு வயசு. என்ன நடக்கிறது என்று தெரியாத வயசு இல்லை. கேசவன் மஞ்சள் பையில் கொடுத்த பணத்தை அப்பா தொடக்கூட இல்லை. "அவன் கைல குடு" என்றார். அதை ஆறாவது நோட்டில் எழுதி வைத்திருப்பதாக அவரே ஒருமுறை என்னிடம் சொன்னார்.

அது நான்தானா என்று நீ எழுதியபோது, இல்லை என்று எழுதப் பேனாவை எடுத்தேன். பிறகு, நீ அப்படியே நினைத்துக்கொண்டால் வெட்கப்பட்டுப் புத்தகத்தை நிறுத்திவிடுவாய் என்று தோன்றியது. உன் மேல் பழி இருக்கட்டும் என்று விட்டேன். இதை விடக் கேவலம் நான் செய்ததில்லை.

ஆனால் கோர்ட்டுக்கு எழுதித் தர முடியாது அக்கா. அடுத்த மாசம் ப்ரமோஷன் இண்டர்வியூ. விஷாலுக்குக் கல்லூரி பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவன் முகத்தில் எப்படி விழிப்பேன்? இருபத்தைந்தாயிரத்துக்கு டிராப்ட் வைத்திருக்கிறேன். சமாதானமாகப் போய்விடு. படித்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு.

பார்த்திபன்


கருங்குழி,
16.5.1999

தம்பிக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. வக்கீலம்மாவிடம் காட்டவும் இல்லை. காட்டினால் நான் தப்பிவிடுவேன், எனக்குத் தெரியும். உன் கையெழுத்தே போதும். மூன்று நாள் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். ஆனால் அது நீ கொடுத்ததாக இருக்காது, நான் உன்னிடமிருந்து பிடுங்கியதாக இருக்கும். அப்பா உன் பெயரை எழுத முடியாமல்தான் அந்த வரியைப் பாதியில் விட்டிருக்கிறார். அவர் விட்டதை நான் எழுதக் கூடாது.

கடிதத்தையும் டிராப்டையும் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். கெடு ஜூன் 28 திங்கட்கிழமை. அதற்கு முன்னால் நீ மனசு வைத்தால் நோட்டரி முன் எழுதி அனுப்பு. இல்லையென்றால் நான் கையெழுத்துப் போட்டுவிடுவேன். உலகநாதன் குடும்பத்தை என்னோடு இழுத்துக்கொண்டு போக முடியாது.

விஷாலுக்கு நல்ல இடம் கிடைக்கட்டும்.

செல்வி


கோட்டா,
5.7.1999

அக்காவுக்கு,

எல்லாவற்றையும் ஒன்றரைப் பக்கம் எழுதி, நோட்டரி முன் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். கெடு தாண்டிவிட்டது, தெரியும். நாலு தடவை நோட்டரி வாசல் வரை போய்த் திரும்பினேன். நேற்று விஷாலிடம் சொன்னேன். இன்று காலையில் அவனே வண்டியை எடுத்துக்கொண்டு என்னோடு வந்தான்.

இது உதவுமா? உடனே எழுது.

பார்த்திபன்


கருங்குழி,
24.7.1999

அன்புள்ள தம்பி பார்த்திபனுக்கு,

அக்கா எழுதுவது. நான் சுகம். முழங்கால் மட்டும் படி ஏறினால் வலிக்கிறது. நீங்கள் மூவரும் எப்படி இருக்கிறீர்கள்?

உன் ரிஜிஸ்டர் தபால் பன்னிரண்டாம் தேதி கிடைத்தது. நான் ஜூன் 28-ஆம் தேதியே கையெழுத்துப் போட்டுவிட்டேன். மறைந்த என் தகப்பனார் காசிநாதன் நினைவு தடுமாறி எழுதியது, உண்மை அல்ல என்று டைப் அடித்துக் கொண்டுவந்தார்கள். வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன். மறுநாள் ஒரு மினி லாரி வந்து ஒன்பது கட்டையும் ஏற்றிக்கொண்டு போயிற்று. வந்த ஆள் ஒவ்வொரு கட்டையும் எண்ணினான். சந்திரம்மாவிடம் இருந்ததையும் ரிசார்ட் மேனேஜர் கேட்டு வாங்கிவிட்டாராம். வேலை போய்விடும் என்று அவளும் கொடுத்துவிட்டாள்.

வக்கீலம்மா நீ எழுதியதைப் படித்தார். "இது பதினைந்து நாள் முன்னால் வந்திருந்தால் நான் ஜெயித்திருப்பேன்" என்றார். நிலத்தைத் திருப்பிக் கேட்க வழி உண்டா என்று கேட்டேன். காலம் கடந்துவிட்டதாம். இனித் தாக்கல் செய்ய எந்தக் கேஸும் இல்லை என்று காகிதத்தை என்னிடமே கொடுத்துவிட்டார்.

அச்சுச் செலவு, வக்கீல் செலவு, அவர்களுக்குக் கட்டியது எல்லாம் போக என் டெபாசிட்டில் மூன்றில் ஒரு பங்கு கூட மிச்சமில்லை. மதுராந்தகத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். காலை ஒன்பதிலிருந்து ராத்திரி எட்டு வரை. உட்கார்ந்து செய்கிற வேலைதான். பணம் அனுப்பாதே. அனுப்பினால் திருப்பிவிடுவேன். கோபத்தில் சொல்லவில்லை.

போன செவ்வாய்க்கிழமை வார விடுமுறை. சந்திரம்மாவிடம் போனேன். நான் சொன்னது தப்பு, என் நகைக்காக இல்லை என்று சொல்லி, நீ எழுதியதை முழுக்க வாசித்தேன். பொறுமையாகக் கேட்டாள். நீ மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நடந்ததை வாசித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"வெடவெடன்னு ஒரு புள்ள கூட வந்துச்சே, அதுவா? கஞ்சி நல்லாகீதுன்னு ரெண்டாந்தபா கேட்டு வாங்கிக் குடிச்சிதே?"

"அவன்தாம்மா. என் தம்பி."

"படிச்சிச்சா?"

"படிச்சான். இஞ்சினியரா இருக்கான்."

கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் உனக்கு அதையும் எழுதியிருப்பேன்.

"நல்லா கீதா இப்ப?" என்று கேட்டாள்.

நல்லா இருக்கான் என்றேன்.

நீ எழுதிய காகிதத்தைக் கேட்டாள். கொடுத்துவிட்டேன். நாலாக மடித்து ரேஷன் கார்டு உறைக்குள் வைத்துக்கொண்டாள். இதை மட்டும் யார் வந்து கேட்டாலும் கொடுக்க மாட்டேன் என்றாள்.

நீ போவாயோ மாட்டாயோ, எனக்குத் தெரியாது. வழியை எழுதிவிடுகிறேன். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் பஸ். அங்கிருந்து கல்பாக்கம் போகிற டவுன் பஸ்ஸில் ஏறி, ரிசார்ட் வாசல் என்று சொன்னால் இறக்கிவிடுவார்கள். வாசலுக்குள் போகாதே. மதில் சுவரை ஒட்டி இடது கைப் பக்கம் மணலில் நடந்தால் ஓலை வேய்ந்த வீடு அது ஒன்றுதான். இரண்டு மணிக்கு மேல் வேலை முடிந்து வீட்டில் இருப்பாள்.

அன்புடன்,
அக்கா செல்வி